சாருக்கு எலும்பு வாங்கிய காலம்

பால் வாங்கப் போன இடத்தில்தான் இது தொடங்கியது. கலூரில் என் விடுதிக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிக் கதவுகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன. பால் இருக்கும் கதவு என்று நினைத்து வேறொன்றைத் திறந்துவிட்டேன். உள்ளே வரிசையாக அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொன்னிற நாய், பற்பசை விளம்பரத்துக்கு வந்தவரைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தது. நாய்களுக்கான பச்சை இறைச்சி உணவாம். இதயம், ஈரல், அரைத்த எலும்பு எல்லாவற்றையும் உரிய அளவில் கலந்து, நாயின் மூதாதையர் காட்டில் உண்டபடியே தயாரித்திருக்கிறார்களாம். அட்டையின் ஓரத்தில் ஒரு காரட்டும் இரண்டு புதினா இலைகளும் இருந்தன. காட்டில் ஓநாய்களுக்குப் புதினா கிள்ளிக் கொடுத்தது யார் என்பது பற்றி அட்டையில் குறிப்பில்லை.

ஒரு பெட்டியின் மூலை கிழிந்திருந்தது. அதிலிருந்து அந்த மணம் வந்தது. ஈரத் தகரமும் உறைந்த இரத்தமும் கலந்தது போன்ற, குளிர்ந்த, சற்றே இனித்த மணம். கதவைப் பிடித்தபடி நான் நின்ற நேரத்தில் கண்ணாடி முழுவதும் வேர்த்துவிட்டது. கடைப் பெண் வந்து, "சேச்சி, டோர் அடைக்கணே" என்றாள். அடைத்தேன். பால் வாங்காமலே திரும்பினேன்.

இலக்கியம் படிக்கிறவளுக்கு ஒரு மணம் வந்தால் மல்லிகையோ முதல் மழையோ நினைவுக்கு வரவேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. எனக்கு நினைவு வந்தது மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு பிரிட்ஜும், அதன் மேல்கதவின் கைப்பிடியில் அம்மா கட்டியிருந்த மஞ்சள் துணியும்.

அந்தத் துணி ஒரு நாட்டு எல்லை. துணிக்குக் கீழே தயிர், தோசை மாவு, கோயில் பிரசாதம். துணிக்கு மேலே, ஃப்ரீசருக்குள், சாருடைய சாப்பாடு. கீழ்நாட்டுப் பிரஜைகளைத் தொட்ட கை மேல்நாட்டுக்குப் போகலாம். மேல்நாட்டைத் தொட்ட கை சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சள்நீரில் நனைந்த பிறகே கீழே இறங்கலாம். குடியேற்றச் சட்டங்களை அம்மா எங்கும் படித்ததில்லை. தேவையும் இருக்கவில்லை.

சார் என்பது நாய். எங்கள் அப்பா நகரசபையில் ஓடை சுத்தம் செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவுடன் ஓய்வெடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லாததால் காக்கநாட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். அங்கே ஒரு மேடம், ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, தனியாக ஒரு லாப்ரடாரோடு இருந்தார். கம்பெனி அவரை ஒரு வருடத்துக்கு வெளிநாடு அனுப்பியது. நாய்களுக்கான விடுதி ஒன்றில் முன்பொருமுறை விட்டபோது அது பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிவிட்டதாம். அது வாலாட்டுகிற ஒரே அந்நியர் அப்பாதான் என்பதால், மேடம் அப்பாவிடம் கேட்டார். அப்பா வீட்டில் கேட்காமலே சம்மதித்துவிட்டு, பிறகு வீட்டில் கேட்டார்.

நாய்க்கு ஓர் அழகான ஆங்கிலப் பெயர் இருந்தது. அப்பாவின் நாக்கு அந்தப் பெயரோடு சில நாள் போராடிவிட்டு, தனக்கு நன்கு பழகிய சொல்லிடம் சரணடைந்தது. "சாரே, வா. சாரே, உக்காரு." வேலை பார்த்த காலமெல்லாம் அப்பா எத்தனையோ பேரைச் சார் என்று கூப்பிட்டிருக்கிறார். பதிலுக்கு வாலாட்டியது இந்த ஒரு சார்தான்.

மேடம் சாரைக் கொண்டுவந்து விட்ட நாளை நான் மறக்கவில்லை. எங்கள் சந்தில் கார் நுழையாது என்பதால் தலையணை, போர்வை, எஃகுக் கிண்ணம், ஐஸ் பெட்டி எல்லாம் ஊர்வலமாக வந்தன. ஒரு மணப்பெண்ணை இத்தனை சீரோடு எங்கள் சந்துக்கு யாரும் அனுப்பியதில்லை. மேடம் நல்லவர். எங்கள் வீட்டு நாற்காலியில் தயங்காமல் உட்கார்ந்து சாயா குடித்தார். குடித்துவிட்டு விதிகளைச் சொன்னார். சோறு கூடாது. பால் கூடாது. வேகவைத்த எதுவும் கூடாது. எல்லாம் பச்சையாக: பெரும்பங்கு சதை, அதோடு கடித்து நொறுக்கக்கூடிய சதைப்பற்றுள்ள எலும்பு, சிறுபங்கு ஈரல், வாரத்தில் சில நாள் கழுவாத போட்டி, அதாவது இரைப்பை. வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். தொடை எலும்பு பல்லை உடைக்கும். கழுத்து, விலா, வால் நல்லது. கோழி மட்டும் ஆகவே ஆகாது; கோழி தின்றால் பாதத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என் கையில் கொடுத்தார். நான் அப்போது ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. எங்கள் வம்சத்தில் முதன்முதலாக ஒரு பெண் கல்லூரிக்குப் போய்ப் பெற்ற அறிவின் முதல் சமூகப் பயன், ஒரு நாயின் சாப்பாட்டுக்கு உரை எழுதியது என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

"கோழி வேண்டாம்னா வேற என்ன?" என்றாள் அம்மா.

"இறைச்சி" என்றேன்.

மட்டாஞ்சேரியில் இறைச்சி என்றால் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். கோழி என்றால் கோழி, ஆடு என்றால் ஆடு. இறைச்சி என்றால் மாடு. ஆனால் எங்கள் சந்தின் கதை கொஞ்சம் வேறு. இந்த ஊர்க்காரர்கள் செய்ய விரும்பாத வேலைகளைச் செய்வதற்காக மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் எங்கள் தாத்தாக்கள். அவர்கள் சுத்தம் செய்த வீடுகளில் அவர்களுக்குத் தண்ணீர் தூக்கித்தான் ஊற்றினார்கள். அந்தக் கதையை எங்கள் சந்தில் யாரும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு மாரியம்மன் கோயிலைக் கட்டினார்கள், கோயிலுக்கு ஒரு கமிட்டி வைத்தார்கள், கமிட்டி நாளடைவில் ஒரு கௌரவத்தைக் கண்டுபிடித்தது. எங்கள் சந்தில் யாரும் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. தோப்பும்படியில் சாப்பிடுவார்கள். சுள்ளிக்கலில் புரோட்டாவோடு சாப்பிடுவார்கள். எர்ணாகுளத்துக்குப் படகேறிப் போயும் சாப்பிடுவார்கள். சந்துக்குள் சாப்பிடுவதில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஏலக்காய் மென்றுகொண்டு வீடு திரும்புவார். ஏலக்காய் எதற்கு என்று அம்மா கேட்டதே இல்லை.

இந்தக் கௌரவத்தில் எங்கள் சந்திலேயே அதிகமாக முதலீடு செய்திருந்தவள் அம்மாதான். காரணம் முளைப்பாரி. வருடந்தோறும் திருவிழாவுக்கு முன் மண்சட்டிகளில் தானியத்தை விதைத்து, இருட்டறையில் முளைக்கவைத்து, பெண்கள் தலையில் சுமந்து ஊர்வலம் போவார்கள். வரிசையின் முதல் பாரி யாருக்கு என்பதைக் கமிட்டி முடிவு செய்யும். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வரிசையின் பின்பாதியில்தான் நடந்திருக்கிறாள். அந்த வருடம் முதல் பாரி அவளுக்கு என்று பேச்சு கிளம்பியிருந்தது. வேண்டுதல் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டாள். அவளுக்கு வேண்டியது முன்வரிசை. அதைச் சாமியிடம் கேட்க முடியாது, கமிட்டியிடம்தான் கேட்க முடியும்.

ஆகவே, பின்வரும் மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்தது ஒரு நாய்க்கு உணவு தேடும் முயற்சி மட்டுமல்ல. ஆட்டுக் கழுத்தெலும்பு முதலில் வந்தது. சாருக்கு மிகவும் பிடித்தது. சாப்பாட்டுக்கென்று மேடம் அனுப்பிய பணம் அதில் மூன்றாம் நாளே மூச்சுத் திணறியது. பிறகு தாறாவு, அதாவது வாத்து. அது பறவை என்பதைச் சாரின் பாதங்கள் உடனே கண்டுபிடித்துச் சிவந்தன. பிறகு மத்தி. மீன் சாப்பிடாத நாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொச்சியில் பிறந்து வளர்ந்தவருக்கு மத்தியைப் பிடிக்காமல் போவது ஒழுக்கக் குறைவு என்றுகூட அப்பா கருதினார். சார் மத்தியைத் தின்னவில்லை, அதன்மேல் படுத்துப் புரண்டார். புரண்டுவிட்டு மேடம் கொடுத்த தலையணைக்குப் போனார். சாயங்காலம் அம்மா தோற்றுப்போய் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, சார் வந்து அவள் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். விலா எலும்பு எண்ணும்படி தெரிந்தது. எங்கள் விலாவைப் பார்த்து இரங்காத அம்மா அன்று இரங்கினாள்.

இரங்கிய கையோடு ஒரு சாஸ்திரத்தையும் உண்டாக்கினாள். "பசுவத்தானே கூடாதுன்னாங்க? போத்து பசு இல்லயே. போத்து எமனோட வண்டி. வண்டிக்கு என்னடி தீட்டு?" போத்து என்றால் எருமைக்கடா. கல்லூரியில் நான் கேட்ட வாதங்களில் பாதிக்கு இந்த உறுதி கிடையாது.

சந்தின் வெளிமுனையில் நாசர் இக்காவின் இறைச்சிக்கடை. எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. அன்று வெட்டியது போத்துதான், வயதான காளையல்ல என்பதற்குச் சான்றாகக் கருப்பு மயிர்க்கொத்தோடு வாலை முன்னால் தொங்கவிடுவார்கள். மற்றவர்கள் அதை ருசிக்கான சான்றாகப் பார்த்தார்கள்; அம்மா அதைத் தர்ம சாஸ்திரத்துக்கான சான்றாகப் பார்த்தாள். கருப்பு வால் தொங்கினால் வாங்குவாள். தொங்காவிட்டால் சார் அன்று ஃப்ரீசரில் மிச்சமிருந்ததைத் தின்பார். இதில் சிக்கல் என்னவென்றால், மேடத்தின் குறிப்பில் வால் எலும்பு சிறந்தது என்றிருந்தது. சான்றிதழையே நறுக்கிக் கேட்டால் எந்தக் கடைக்காரர் தருவார்? ஆகவே நானும் அம்மாவும் கடை தீரும்வரை ஓரமாக நின்று, கடைசிக் கிலோ போனபின் வாலை வாங்குவோம். ஓர் இனத்தின் அடையாளச் சான்றை நாய்க்குப் போடுவதைப் பற்றி என் வகுப்பில் யாராவது ஆய்வுக்கட்டுரை வாசித்திருந்தால் நிச்சயம் கைதட்டியிருப்பார்கள்.

முதல் நாள் வாங்கப் போனபோது அம்மா முக்காடிட்டுக்கொண்டு, கடைக்காரர் கேட்காமலேயே, "நாய்க்குத்தான்" என்றாள். நாசர் இக்கா தலையாட்டியபடி கத்தியைத் தீட்டினார். "அதே சேச்சி. இந்த சந்துல எல்லாரும் நாய்க்குத்தான் வாங்குந்நது. நல்ல பீஸ் நோக்கித் தராம்." நல்ல கொழுப்புள்ள நெஞ்சுக்கறியை எடுத்துக் காட்டவும் செய்தார். எங்களுக்குக் கழுத்தெலும்பும் போட்டியும் ஈரலில் ஒரு துண்டும் போதும், போட்டியைக் கழுவ வேண்டாம் என்று நான் சொன்னபோது அவர் மனம் புண்பட்டது. கழுவாத போட்டியை யாரும் கேட்டதில்லையாம். நாய் என்று சொல்லிவிட்டு உண்மையாகவே நாய்க்கு வாங்குகிற ஒரு வாடிக்கையாளரை அவருடைய தொழில் வாழ்க்கையில் அவர் சந்தித்ததே இல்லை போலும். அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது. அடுத்த முறை சாரையே கூட்டிக்கொண்டு போனாள், சாட்சி சொல்ல. சார் கடைவாசலில் உட்கார்ந்து, சாட்சிகளுக்கு அரிதாக வாய்க்கும் நேர்மையுடன், எச்சில் ஒழுகப் பார்த்தார்.

இரண்டு மாதத்தில் சார் பளபளவென்று ஆகிவிட்டார். எலும்பு தேர்ந்தெடுப்பதில் எனக்கும் ஒரு கை பழகிவிட்டது. விலாவில் சதை எவ்வளவு இருக்கவேண்டும், எந்த முதுகெலும்புத் துண்டு அவர் விழுங்கப் பார்க்கும் அளவுக்குச் சிறியது, ஈரல் ஒரு விரல் கூடினால் மறுநாள் காலை முற்றத்தின் கதி என்ன என்பதெல்லாம் தெரியும். கல்லூரியில் ஒரு பேராசிரியர் அந்தப் பருவம் முழுவதும் விலங்கின் பார்வை பற்றி உரையாற்றினார். போட்டியைக் கையால் நறுக்கிவிட்டு எட்டுமணிப் படகைப் பிடித்து வந்த நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். விரல்களை முகர்ந்து பார்க்கக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

சந்து சும்மா இருக்குமா என்றுதான் அம்மா பயந்திருந்தாள். சந்து சும்மா இருக்கவில்லைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கம் அத்தை வந்தார். கமிட்டிச் செயலாளர் செல்லையா மாமாவின் மனைவி. முதல் பாரி யாருக்கு என்பது பெரும்பாலும் அவர் வீட்டுச் சமையலறையில்தான் முடிவாகும். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அத்தை சாரைத் தடவிக்கொடுத்தார், வெயிலைக் குறை சொன்னார், பிறகு முந்தானைக்குள்ளிருந்து மூடிபோட்ட ஒரு தூக்குப்பாத்திரத்தை எடுத்து வைத்தார்.

"உங்க நாய்க்கு வாங்கறப்ப எங்க பூனைக்கும் கொஞ்சம் வாங்கித் தா, கேட்டியா. பாவம், மெலிஞ்சு கிடக்கு."

அத்தை வீட்டில் பூனை கிடையாது. எலிப்பொறிதான் உண்டு. அம்மா ஒரு கணம் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பூனைக்கு எலும்போடு வேண்டுமா, எலும்பில்லாமலா என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்சம் நெய்க்கொழுப்பு உள்ள பீஸா இருந்தா போதும். பெருசா வெட்ட வேண்டாம்."

அடுத்த வாரம் மேல்வீட்டிலும் ஒரு பூனை வந்திருந்தது. அதற்கடுத்து எதிர்வரிசையில் ஒன்று, கிணற்றடி வீட்டில் இரட்டை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே எங்கள் சந்துப் பெண்கள் ஒரே விலங்கைத் தேர்ந்தெடுத்ததை எண்ணி இன்றும் வியக்கிறேன். நாய் என்றால் குரைக்க வேண்டியிருக்கும். பூனை என்றால் எங்கோ போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்தப் பூனைகள் பச்சை இறைச்சியைத் தொடாத ஒரு தனி இனம். ஞாயிறு மதியம் சந்தெங்கும் தேங்காய்க்கொத்தும் குருமிளகும் கறிவேப்பிலையும் வறுபடும் மணம் வரும். நாய்க்கு வெங்காயம் ஆகாது என்று மேடத்தின் குறிப்பு சொன்னது. எங்கள் பூனைகளுக்கு ஆனது.

நான் இதையெல்லாம் சிரிப்புக்காகச் சொன்னாலும், அம்மாவைப் பொறுத்தவரை அது சிரிப்பான விஷயமல்ல. அதுவரை எங்கள் வீட்டுப் படியில் யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. சாக்கடை வேலைக்காரர்கள் சந்திலும் ஒரு மேல்கீழ் உண்டு. அலுவலகப் பியூனாக உயர்ந்தவர் வீடு ஒன்று, ஓடைக்குள்ளேயே ஓய்வு பெற்றவர் வீடு ஒன்று. இப்போது ஞாயிறுதோறும் பெண்கள் தூக்குப்பாத்திரங்களோடு வந்தார்கள். பாத்திரம் நிறைய நேரமாகும் என்பதால் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததால் பேசினார்கள். அம்மா சாயா போட்டுக் கொடுத்தாள், குடித்தார்கள். அவள் மட்டும் அந்த இறைச்சியில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. அப்பா தனக்கும் ஒரு பூனை வளர்க்கலாமா என்று நாசூக்காகக் கேட்டதற்கு, இந்த வீட்டில் நாய் மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள். அப்பா ஏலக்காயையே தொடர்ந்தார்.

திருவிழா வந்தது. காப்புக் கட்டுவதற்கு முன் கமிட்டிக் கூட்டம். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை சந்துக்குள் மீன், இறைச்சி எதுவும் வரக்கூடாது. நோட்டீஸில் பிழை திருத்துவதற்காக நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் நான் கற்றது மலையாளம்தான். தமிழ் எழுத்துகளை அடையாளம் கண்டதே இந்த நோட்டீஸ்களில்தான் என்பதால் அவற்றின் பிழைகள் மேல் எனக்கு ஒரு சொந்தம் உண்டு. அம்மா பெண்கள் பக்கத்தில், தங்கம் அத்தைக்கு அருகில், புதுச்சேலையில். கணக்கு, பந்தல், மேளம் எல்லாம் முடிந்தது. பிறகு செல்லையா மாமா தொண்டையைச் செருமினார்.

முதல் பாரிக்கு அம்மாவின் பெயர் வந்திருப்பதாகவும், அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லையென்றும், ஆனால் அந்த வீட்டில் ஒரு நாய் இருப்பதாகவும், அது தின்பது என்ன என்பது எல்லாருக்கும் தெரியும் என்றும், தெய்வ காரியம் என்பதால் சுத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். நாயைத் திரும்பக் கொண்டு விட்டுவிட்டால் பாரி உண்டு. இல்லையென்றால் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும். குரலில் வருத்தம் சரியான அளவில் கலந்திருந்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பூனைக்கு நெஞ்செலும்பு போதவில்லை என்று மறுபடியும் ஆளனுப்பியவர் அவர்.

நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். கிணற்றடி வீட்டம்மா தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மேல்வீட்டுக்காரர் ஆமாம், சுத்தம்தான் முக்கியம் என்று முணுமுணுத்தார். தலைகள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. தங்கம் அத்தையின் தலையும் ஆடியது, மெதுவாக, தன்னைமீறி நடப்பதுபோல. அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நாயை அனுப்ப இடமில்லை; மேடம் கடல்தாண்டி இருந்தார்; விடுதிக்கு அனுப்பினால் அது தின்னாது. அம்மா அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

அம்மா எழுந்தாள். கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் இல்லை.

"காப்பு எனக்குத்தானே கட்டுறீங்க. நாய்க்குக் கட்டலயே" என்றாள்.

மாமா, அது அப்படியில்லை என்று தொடங்கினார். அம்மா அவரைப் பார்க்கவில்லை; தன் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"சரி மாமா. நாய அனுப்ப மாட்டேன். எனக்குப் பாரி வேண்டாம். பூனை இல்லாத வீடாப் பாத்துக் குடுங்க."

குரலை உயர்த்தவில்லை. எண்ணெய் இருக்கிறதா என்று கேட்கும் குரல்தான். மாமா தன் மனைவியைப் பார்த்தார். அத்தை கூரையைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவரும் மனத்துக்குள் சந்தில் வீடுவீடாக நடந்துபோவது முகத்தில் தெரிந்தது. எல்லா வீட்டிலும் ஒரு பூனை குறுக்கே வந்தது. கடைசியில் யாரோ ஒருவர், வாயில்லா ஜீவன் பட்டினி கிடந்தால் அதுவும் பாவம்தானே என்றார். உடனே பலருக்கும் வாயில்லா ஜீவன்கள் மேல் அன்பு பெருகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் தீர்மானம் ஆயிற்று. வேப்பிலைத் தோரணத்துக்கு வெளியே, நாசர் இக்காவின் கடைவாசலிலேயே நாய் சாப்பிட்டுவிட்டு வரட்டும். பாரி மாறாது.

அந்தத் திருவிழா நாள்களில் சார் மாலைதோறும் குளித்துத் துவட்டிய உடம்போடு அப்பாவுடன் தோரணத்தைக் கடந்து வெளியே சாப்பிடப் போய், வாயைக் கழுவிக்கொண்டு திரும்பினார். பூனைகள் அனைத்தும் கடுமையாக விரதம் இருந்தன. அம்மா முதல் பாரியைச் சுமந்தாள். முளை ஒரு முழத்துக்கு மேல் வெளிர்பச்சையாக வளர்ந்திருந்தது. கழுத்தை அசைக்காமல், யாரையும் பார்க்காமல் நடந்தாள். அவள் பின்னால் நடந்த எனக்கு அவள் முகம் தெரியவில்லை. சிரித்தாளா என்று பிறகு அப்பாவிடம் கேட்டேன். தெரியல, ஆனா மெதுவா நடந்தா, யாரும் முந்தல என்றார்.

மழைக்காலம் முடியும்போது மேடம் திரும்பி வந்தார். இலக்கியத்தில் நாய்கள் பிரியும்போது திரும்பிப் பார்க்கும். சார் மேடத்தைக் கண்டதும் எங்கள் அனைவரையும் தாண்டிக் குதித்து, சந்துமுனையில் நின்ற காருக்கு அவரை இழுத்துக்கொண்டே ஓடினார். கார் ஜன்னல்வழி தலையை நீட்டினார், எதிர்ப்பக்கம். அம்மா வீட்டுக்குள் போய் மஞ்சள் துணியை அவிழ்த்து, ஃப்ரீசரைத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு பழக்கத்தில் கடைமுன் போய் நின்றிருக்கிறாள். நாசர் இக்கா வழக்கமான கழுத்தெலும்பை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். நாய் போய்விட்டது என்று சொல்ல மனம் வரவில்லையாம். வாங்கி வந்தாள். வீட்டில் வைத்து அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தேங்காய் கொத்தச் சொன்னாள்.

தெருக்கதவு திறந்தே இருந்தது. சாத்தட்டுமா என்று கேட்டேன். புகை போக வேண்டாமா என்றாள். அப்பா மூன்றுமுறை அடுப்படிக்கு வந்து, எதுவும் கேட்காமல் போனார். அம்மா உப்புப் பார்க்க ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். உப்புச் சரியாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் உறுதிசெய்துகொள்ள இன்னொரு துண்டு எடுத்தாள். அப்போதுதான் தங்கம் அத்தை தூக்குப்பாத்திரத்தோடு படியேறினார். நாய் போனது அவருக்குத் தெரியும். வாசலில் நின்று, பூனை என்று தொடங்கினார்.

"இது பூனைக்கில்ல அத்தை" என்றாள் அம்மா, கரண்டியைக் கையில் வைத்தபடி. "நாங்க திங்கத்தான். நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. ஒரு வாய் தின்னுட்டுப் போகலாம்."

அவ்வளவு மரியாதையாக அம்மா யாரையும் அழைத்து நான் கேட்டதில்லை. அத்தை நிலைவாசலில் கையை வைத்தபடி நின்றார். உள்ளே மூன்று தட்டுகள் போட்டிருந்ததையும், நான்காவதை நான் எடுப்பதையும் பார்த்தார். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதன்பின் அந்தப் பாத்திரங்கள் எதுவும் எங்கள் படிக்கு வரவில்லை. பூனைகளும் ஒரே வாரத்தில் காணாமல் போயின. அடுத்த வருடம் முதல் பாரி வேறு வீட்டுக்குப் போயிற்று. யாரும் எங்களோடு சண்டை போடவில்லை. வழியில் பார்த்தால் என் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். இப்போது எல்லாருக்கும் போன் இருக்கிறது. என்ன வேண்டுமானாலும், உள்ளே என்ன என்று தெரியாதபடி ஒட்டிய உறையில், நேராக வீட்டுக்கு வருகிறது. பொய் சொல்வதற்குக்கூட அடுத்த வீட்டுக்கு ஒரு நடை போகவேண்டியதில்லை. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்: ஞாயிறு மதியம் எல்லா வீட்டிலும் ஒரே மணம், எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. எங்கள் கதவு மட்டும் திறந்திருக்கிறது. அம்மா மூன்று பேருக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இன்னும் சாயா போடுகிறாள்.